கிட்டங்கி வாசம்

கிட்டங்கி என்ற சொல்லுக்குப் பண்டங்களை அடுக்கிவைக்கும் இடம் என்பதே நம் ஊர்களில் பொதுவாக வழங்கும் பொருள். நெல் மூட்டையும் புளிச் சிப்பமும் உப்புக் குவியலும் கிடக்கும் இடத்துக்கு உரிய அந்தப் பெயர், செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்து தொழில் செய்யச் சென்ற நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஆண்டுக்கணக்காக உண்டும் உறங்கியும் கணக்கெழுதியும் காலங்கழித்த வாசஸ்தலத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்நாளில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஒரு செட்டியார் தம் விலாசத்தைச் சொல்லும்போது, வீடு என்றோ அறை என்றோ சொல்லமாட்டார். இன்ன தெருவில் இன்ன எண் கிட்டங்கி என்றுதான் சொல்வார். சரக்கு கிடக்கும் இடத்தின் பெயரை மனிதர் கிடக்கும் இடத்துக்கு வைத்துக்கொண்டதில் அவர்களுக்கு எவ்விதக் குறையும் தோன்றியதாகத் தெரியவில்லை. தோன்றாததற்கு ஒரு காரணம் உண்டு என்பதும், அந்தக் காரணத்தை அறிந்துகொண்டால் அவர்களுடைய வியாபாரத்தின் மர்மத்தில் பாதி விளங்கிவிடும் என்பதும் என் அபிப்பிராயம்.

வெளியூருக்கு வேலைக்குப் போகிறவன் தங்குமிடம் தேடும்போது வாடகை எவ்வளவு, காற்று வருமா, தண்ணீர் உண்டா, சாப்பாடு எப்படி, வேலைக்குப் போகும் தூரம் என்ன என்று விசாரிப்பது உலக இயல்பு. நகரத்தார்கள் இவற்றை விசாரிக்காமல் இல்லை. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர்கள் கேட்ட கேள்வி ஒன்று இருந்தது. அந்தக் கிட்டங்கியில் நமக்கு முன்பே இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்தக் கோவில், நம் முதலாளிக்கு என்ன உறவு என்பதே அது.

செட்டிநாடு மழை குறைந்த செம்மண் பூமி. நிலத்தை நம்பிப் பெருஞ்செல்வம் திரட்ட இயலாத அப்பூமியிலிருந்து, உப்பையும் தானியத்தையும் துணியையும் ஓரிடத்தில் கொண்டு மற்றோரிடத்தில் விற்று ஜீவனம் செய்த காலத்திலேயே, வெளியூர்த் தொழிலுக்குக் ‘கொண்டு விற்கப் போதல்’ என்ற வழக்கு அவர்களிடையே நிலைத்துவிட்டது. பின்னாளில் அவர்கள் கொண்டுபோனது பண்டமன்றிப் பணமேயாயினும், சொல் மாறவில்லை. போகும் வழியில் தங்குவதற்குச் சொந்தமாக ஏற்பாடு செய்துகொள்ளும் பழக்கமும் அந்தக் காலத்தியதே. யாத்திரைக்கும் வியாபாரத்துக்கும் பொதுவாக நகரச் சத்திரங்கள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் ஏற்பட்டு, இன்றும் விசுவநாதருக்குப் பூஜைத் திரவியங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அயலூரில் அயலார் வீட்டுத் திண்ணையில் ஒதுங்காமல், தம்மவர் கூரையின் கீழ்த் தங்குவது என்ற சம்பிரதாயம் அவ்வாறு கடற்பிரயாணத்துக்கு முன்பே வேரூன்றியிருந்தது.

கொழும்பும், அதன்பின் பினாங்கும் சிங்கப்பூரும் அவர்களை அழைத்தன. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் துறைமுகம் அமைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதாவது 1820களிலேயே, செட்டியார்கள் அங்கே வந்துவிட்டார்கள். பினாங்கில் 1857-இலும் சிங்கப்பூரில் 1859-இலும் அவர்கள் தண்டாயுதபாணிக்குக் கோவில் எழுப்பினார்கள். 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்புநிலமெல்லாம் நெல்வயலாக மாறத்தொடங்கியபோது, அந்த நெல்லுக்கு வேண்டிய மூலதனத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் பெரும்பாலும் இவர்களே. ரங்கூனின் மொகல் தெரு, சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு, பினாங்கின் பினாங்குத் தெரு, கொழும்பின் செட்டியார் தெரு, சைகோனின் ஓஹியே தெரு என்று, ஒரு தெருவைச் சொன்னாலே ஊரில் உள்ள தமிழர்க்கெல்லாம் செட்டியார்கள் நினைவுக்கு வரும்படியான தெருக்கள் இவ்வாறு உண்டாயின. சிங்கப்பூர்த் தமிழர்கள் மார்க்கெட் தெருவின் ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டுச் செட்டித் தெரு என்றே வழங்கினார்கள்.

அந்தத் தெருவின் கிட்டங்கி ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முகப்பு குறுகி உட்புறம் நீண்டு செல்லும் கடைவீடு அது. முன்னால் அந்நகரங்களுக்கே உரிய அஞ்சடி, அதாவது மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கும் மூடிய நடைபாதை. உள்ளே நுழைந்தால் ஒரே நீண்ட கூடம். தரையிலிருந்து சற்றே உயர்த்திய பலகைத் தளத்தின்மேல், இரு பக்கமும் வரிசையாக, ஒவ்வொரு கடைக்கும் ஓரிடம். கடை என்றால் நாம் நினைக்கும் கடை அல்ல. ஒரு முதலாளியின் விலாசத்தில் நடக்கும் லேவாதேவி ஸ்தாபனத்துக்கு அது பெயர். அந்தக் கடை முழுவதும், லட்சக்கணக்கில் வரவுசெலவு உள்ளதாயினும், ஒரு சாய்வான மூடியுள்ள கைப்பெட்டி, பின்னால் ஒரு பீரோ அல்லது இரும்புப்பெட்டி, முன்னால் ஒரு பாய், இவ்வளவுக்குள் அடங்கிவிடும். பெட்டி இருக்கும் இடம் பெட்டியடி. முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாள் பெட்டியின் பின்னே சம்மணமிட்டு அமர்ந்து, அதன் மூடியையே மேஜையாகக் கொண்டு கடிதமும் கணக்கும் எழுதுவார். அவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாள் பக்கத்தில் பேரேடு புரட்டுவார். பெட்டியடிப் பையன் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓடுவான். நாற்காலி வேண்டியிருந்தது கடன் கேட்க வரும் சீன வர்த்தகருக்கும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தருக்குமே அன்றி இவர்களுக்கு அன்று.

பகலில் எந்தப் பலகையில் உட்கார்ந்து லட்சங்களைப் பேசினார்களோ, இரவில் அதே பலகையிலோ மாடியிலோ பாயை விரித்துப் படுத்தார்கள். ஒரு மனிதனுக்கு ஒரு பாயின் அகலம். துணிமணிக்கு ஒரு பெட்டி. ஊரிலிருந்து வந்த கடிதங்களுக்கு அந்தப் பெட்டியில் ஒரு மூலை. பின்கட்டில் பொதுச் சமையலறை. செட்டிநாட்டிலிருந்து அழைத்துவந்த சமையல்காரர் எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து ஆக்குவார். மாதக் கடைசியில் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்வார்கள். கிணற்றடியோ குழாயடியோ பொது. சுவரில் மாட்டிய முருகன் படம் பொது. வெள்ளிக்கிழமைப் பூஜையும் பொது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் டேங்க் ரோட்டுக் கோவிலிலிருந்து புறப்படும் முருகனின் வெள்ளி ரதம், அண்ணன் விநாயகரைக் காணச் சென்று திரும்பும் வழியில் செட்டித் தெருவுக்கும் வந்து நின்றது. சுவாமியே வந்து விசாரித்துப் போகும் அளவுக்கு அந்தத் தெரு வீடாகிவிட்டிருந்தது.

இதில் ஓர் அழகான முரண் உண்டு. செட்டிநாட்டு வளவு வீட்டில் அப்பச்சியும் (தந்தையும்) பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்வார்கள். ஆனால் திருமணமான மகனை ‘வேறு வைத்து’, அவனுக்கென்று தனி அறையும் தனி அடுப்பும் தனிக் கணக்கும் ஏற்படுத்திவிடுவார்கள். ஒரு வீட்டில் நான்கு அடுப்பு எரிவது அங்கே சண்டையின் அடையாளம் அன்று. புள்ளி எனப்படும் ஒவ்வொரு மணமான தம்பதியும் தன் வரவுக்குள் செலவு செய்யக் கற்றுக்கொள்ளும் முறை. கிட்டங்கியிலோ நிலை தலைகீழ். இரத்த சம்பந்தமில்லாத, தொழிலில் போட்டியாளர்களாகவும் உள்ள பல கடைக்காரர்களுக்கு அங்கே ஒரே அடுப்பு. கணக்கு மட்டுமே வேறு. உறவினரிடம் கணக்கைப் பிரித்தும், போட்டியாளரிடம் சோற்றைப் பகிர்ந்தும் வாழ்ந்த சமூகத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

பணமுள்ளவர்கள் ஏன் இவ்வளவு நெருக்கத்தில் கிடந்தார்கள் என்று கேட்டால், சிக்கனம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். சிக்கனம் உண்மைதான். மேலாள் என்பவர் தம் பணத்தைச் செலவழிப்பவர் அல்லர், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருக்கும் முதலாளியின் பணத்தைக் காப்பவர். மூன்று வருஷத் தவணைக்குச் சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவர், தனி வீடு பார்த்து, வேலைக்காரன் வைத்து வாழ்ந்தால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? ஆனால் சிக்கனத்தைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்று இருந்தது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில், கடிதம் போய்ச்சேர வாரங்கள் ஆகும் இடத்தில், தம் சொத்தின் பெரும்பகுதியை ஒரு சம்பளக்காரரிடம் ஒப்படைத்த முதலாளிக்கு, அந்த மனிதர் எத்தனை மணிக்கு எழுகிறார், யாருடன் பேசுகிறார், சீட்டாடுகிறாரா, குடிக்கிறாரா, யாருக்குக் கடன் கொடுத்தார் என்பதையெல்லாம் நிச்சயமாக அறிந்துகொள்ள வேறு என்ன உபாயம்? பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரின் கண்களே உபாயம். அந்தக் கண்கள் வேவு பார்க்க அமர்த்தப்பட்டவை அல்ல. ஆயினும் கிட்டங்கியில் இன்று நடந்தது, அடுத்த கப்பலில் போகும் பல கடிதங்களில் ஏதாவது ஒன்றிலேனும் செட்டிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதே கண்கள் மேலாளுக்குப் பெரும் பலமாகவும் இருந்தன. திடீரென்று பணம் தேவைப்பட்டால், அடுத்த பெட்டியடியில் கேட்டு வாங்கலாம். ஈடும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். நாள்தோறும் நம் நடத்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவர், நம் நாணயத்தை எழுத்தில் கேட்க வேண்டிய அவசியமில்லை. தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு வட்டி விகிதத்தைக் கூடி நிர்ணயித்தார்கள். ரங்கூனில் அந்தக் கூட்டம் மொகல் தெருக் கோவிலில் தமிழ் மாதந்தோறும் நடந்தது. வெள்ளைக்கார வங்கிகள் செட்டியாருக்குக் கடன் கொடுத்தபோதும், அவை உண்மையில் நம்பியது தனி ஒருவரை அன்று, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வாழும் ஒரு கூட்டத்தை. இருப்பிடத்தைத் தேர்ந்தெடுப்பது நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதாயிற்று. தனியே போய் வீடெடுத்துத் தங்கியவர் காற்றோட்டத்தைப் பெற்றிருக்கலாம். அடுத்த பெட்டியடியின் நம்பிக்கையை அவ்வளவு எளிதில் பெற்றிருக்கமாட்டார்.

இந்த ஏற்பாட்டின் விலையையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு, பதினான்கு வயதில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிய சிறுவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலின் மேல்தட்டில் ஏறி, ஒரு வாரம் அலையில் புரண்டு, முன்பின் பார்த்திராத மனிதர்கள் நடுவே இறங்கி, விடியுமுன் எழுந்து பலகை துடைத்து, வட்டிக் கணக்கும் மாகாணி அரைக்காலும் மனப்பாடமாகச் சொல்லி, இரவில் எல்லோரும் படுத்தபின் எஞ்சிய மூலையில் சுருண்டுகொண்ட அந்தப் பையன், மூன்று வருஷத்துக்குத் தன் தாயின் முகத்தைக் காணமாட்டான். தொழிலைக் கசடறக் கற்றான் என்பதில் ஐயமில்லை. சிலர் பின்னர் அடுத்தாளாகி, மேலாளாகி, தாமே முதலாளியாகவும் ஆனார்கள். இருந்தாலும், அழுவதற்கு ஒரு தனி மூலை இல்லாத இருப்பிடம் அது.

மறுகரையில் ஆச்சிமார். மணமான சில மாதங்களில் கணவனைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, மூன்று வருஷம் கழித்து அவர் வந்து சில காலம் தங்கி மறுபடி போகும்போது மறுபடியும் அனுப்பிவிட்டு, அந்த இடைவெளிகளில் பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைப் பேணி, வேறு வைத்த கணக்கை ஒரு தம்பிடி பிசகாமல் நடத்திய அந்தப் பெண்மணிகள் இல்லாவிடில் ஒரு கிட்டங்கியும் ஒரு நாள் நடந்திராது. நகரத்தார்கள் ஊரில் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, ஆத்தங்குடிக் கல் பாவி, முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீண்ட வீடுகளைக் கட்டினார்கள். அந்த வீட்டில் வாழ வேண்டிய மனிதரோ, தம் வாழ்நாளின் மிகுதியான இரவுகளை, கடலுக்கு அப்பால், ஒரு பாயின் அகலத்தில் கழித்தார். கானாடுகாத்தானில் அத்தகைய வீடுகளின் முன்னே நின்று எத்தனை அறைகள் என்று எண்ணிப்பார்க்கும்போதெல்லாம், அந்தப் பாய்தான் என் கண்முன் வருகிறது.

ஆனால் அதே கப்பலின் அடித்தட்டில் போனவர்களோடு ஒப்பிட்டால், பாயளவு இடமாயினும் தேர்ந்தெடுக்க முடிந்ததே ஒரு பாக்கியம் என்று சொல்ல வேண்டும். ரப்பர்த் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணியால் அழைத்துச் செல்லப்பட்ட தமிழன் தன் இருப்பிடத்தைப் பற்றி எவரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வழியும் இல்லை. இலங்கைக்குப் போனவன் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, மருந்தடிக்கப்பட்டு, மலையில் ஏறியபின் துரை காட்டிய லயத்துக் காம்பராவில், அதாவது வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையில், குடும்பத்தோடு அடங்கினான். செட்டியாருக்கு மூன்று வருஷ முடிவில் ஊர் இருந்தது; லயத்துக்காரர்களில் அநேகருக்கு அந்தக் காம்பராவே, பிள்ளை பேரன் காலம்வரை, ஊராகிவிட்டது.

பர்மாவில் நிலைமை சற்று வேறு. ரங்கூனில் மொகல் தெருவின் நெருக்கம் இருந்தாலும், உள்நாட்டு ஊர்களில் செட்டியார் கடை பெரும்பாலும் தனித்தே நின்றது; கம்பியிட்ட சன்னல், கனத்த கதவு, உள்ளே இரும்புப்பெட்டி, மேலாளும் ஓரிரு அடுத்தாட்களும் சமையல்காரரும், சுற்றிலும் கடன்பட்ட கிராமங்கள். 1929-30-இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவற்றின் மூலதனம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டு மை உலருமுன் உலக மந்தம் வந்து நெல்விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாயிருந்த நிலங்கள் வந்தன. 1930-இல் கீழ்ப்பர்மா நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார் கையில் இருந்தது. எட்டே ஆண்டுகளில் 25 பங்காயிற்று. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை என்பது மெய். பணம் கொடுத்தவனுக்குப் பணமே வேண்டும். நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனின் வயிற்றெரிச்சலும் அதே அளவு மெய். 1938-இல் இந்தியருக்கெதிரான கலவரங்கள் மூண்டபோது, தனித்து நின்ற அந்தக் கடைகளில் இரவைக் கழித்தவர்களுக்கு, பக்கத்துப் பாயில் ஒருவர் இருப்பதன் அருமை தெரிந்திருக்கும்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. பத்திரங்களையும் பேரேடுகளையும் பெட்டியில் கட்டிக்கொண்டு கப்பலேற முடிந்தவர்கள் ஏறினார்கள். முடியாதவர்கள், லட்சக்கணக்கான இந்தியரோடு தாமும் சேர்ந்து, அரக்கான் வழியாகவும் தாமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் அநேகர். போர் முடிந்து திரும்பிச் சென்று கணக்குத் தீர்க்க எண்ணியவர்களை, 1948-இல் சுதந்திர பர்மா இயற்றிய நில தேசியமயச் சட்டம் எதிர்கொண்டது. மொகல் தெருவின் கதை அங்கே ஏறக்குறைய முடிந்தது.

கிட்டங்கியின் பலகைத் தளத்திலிருந்து நாற்காலிக்கு எழுந்தவர்களும் உண்டு. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. பினாங்கும் சிங்கப்பூரும் விரைவில் பின்தொடர்ந்தன. பெட்டியடிகள் பல தலைமுறையாகப் போட்டுவைத்த தடத்திலேயே அந்த வங்கி நடந்தது.

சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கிட்டங்கிகள் போரைத் தாண்டி நின்றன. ஆனால் வாசம் மாறியது. குடியேற்றச் சட்டங்கள் இறுகி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் பழைய முறை இயலாமற் போகவே, போனவர்கள் போன இடத்தில் நிலைத்தார்கள். ஆச்சிமாரும் பிள்ளைகளும் கப்பலேறி வந்தார்கள். வேறு தெருக்களில் வீடு எடுத்தார்கள். பாய்கள் சுருட்டப்பட்டன, பெட்டிகள் மட்டும் பகலில் திறந்தன. 1970களில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் தெருவின் பழைய கட்டடங்கள் அரசாங்கத்தால் எடுத்துக்கொள்ளப்பட்டு இடிக்கப்பட்டபோது, கிட்டங்கிகளும் போயின. இன்று அங்கே வானளாவிய வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன.

அந்த வாழ்வை உள்ளே இருந்து கண்டு, தமிழில் நாவலாக எழுதிவைத்தவர் ப. சிங்காரம். அவர் நகரத்தார் அல்லர். செட்டிநாட்டை ஒட்டிய சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்தவர். 1938-இல் சுமத்ராவின் மேடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தார். அங்கேயே மணந்து, அங்கேயே மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து, போருக்குப் பின் ஊர் திரும்பினார். மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ‘புயலிலே ஒரு தோணி’யில் மேடானையும் பினாங்கையும் தெருத்தெருவாக, பெட்டியடி பெட்டியடியாக எழுதிய அந்த மனிதர், தமக்கென்று வீடு எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை. மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை எடுத்தார். மறுமணம் செய்துகொள்ளாமல், வேலைக்குப் போய்வந்துகொண்டு, ஓய்வுபெற்ற பின்னும், பல பத்தாண்டுகள் அதிலேயே தங்கியிருந்தார்.